தேய்ந்த தட்டுகளின் பக்கம் நின்று: டெல்டாவில் யாரும் தேடாத இசைத்தட்டுகள்

அரிசிலாற்றங்கரை (கும்பகோணம்)

கும்பகோணத்தில் பழைய பாத்திரக் கடைகளிலும் காயலான் கடைகளிலும் இசைத்தட்டு தேடி வருபவர்கள் இரண்டு வகை. உறையைப் பார்த்து வாங்குபவர்கள் ஒரு வகை. தட்டை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, கீறலைப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. இருவருமே ஒதுக்கிவிட்டுப் போகிற குவியல் ஒன்று உண்டு. உறை இல்லாதவை, நடு வட்டக் காகிதத்தில் ஏதோ ஒரு சவுண்ட் சர்வீஸின் ரப்பர் முத்திரை பதிந்தவை, பாட்டின் பெயருக்கு அருகில் பென்சிலால் குறி போட்டவை. நான் அந்தக் குவியலின் ஆள்.

காரணத்தைச் சொல்கிறேன், சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

நாம் அபூர்வம் என்று கொண்டாடுவது பெரும்பாலும் அந்தக் காலத்தில் விற்காமல் தங்கிப்போன தட்டை. அது எங்கேயும் ஓடவில்லை, அதனால் பளபளப்பாக இருக்கிறது. நன்றாக விற்ற தட்டுதான் இன்று நல்ல நிலையில் கிடைப்பதில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டு) வந்தது. இந்தப் பக்கத்தில் அது ஒலிக்காத கோயில் எது? பழைய வீடுகளைக் காலி செய்யும்போது அது வந்துகொண்டே இருக்கிறது. கடைக்காரரே விலை சொல்லக் கூச்சப்படுகிறார். ஆனால் முதல் பக்கத்தின் தொடக்கத்தில் கரகரப்பு இல்லாத பிரதி ஒன்றைக் காட்டுங்கள், பார்க்கலாம். விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் யாரோ ஊசியை இறக்கிய இடம் அது.

எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்கவே தேவையில்லை: நாயன (நாகஸ்வர) வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம், 78 வேகத் தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டு). கவனிக்கப்படாதது என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது. அந்தத் தட்டின் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நான்கு நிமிடம். கோயில் புறப்பாட்டில் மணிக்கணக்காக ராகம் வாசித்தவர், அந்தச் சிறு இடத்துக்குள் ஆலாபனையை வைக்க வேண்டும். வைத்திருக்கிறார், கொஞ்சமும் அவசரம் தெரியாமல். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாயனமும் அதன் ஊதுவாயான திருவாவடுதுறைச் சீவாளியும் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் உருவாகின்றன. அந்த நாதம் கல்கத்தாவுக்குப் போய், டம்டம் ஆலையில் அரக்கில் பதிந்து, ரயிலில் திரும்பி வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

கவனிக்கப்படாதவை என்று நான் முதலில் எடுத்து வைப்பது, ராஜரத்தினம் பிள்ளையின் புகழ் வெளிச்சத்தில் மங்கிப்போன மற்ற நாயனத் தட்டுகளை. திருவீழிமிழலை சகோதரர்கள் கிடைத்தால் நான் விலை பேசுவதில்லை. ராகத்தைப் பறக்கவிடாமல் கீர்த்தனையின் பாதையிலேயே நிதானமாக நடக்கிற வாசிப்பு அது. ராஜரத்தினத்தைக் கேட்ட காதுக்கு முதலில் மந்தமாகத் தோன்றும். பொறுத்திருங்கள்.

இரண்டாவது, சீர்காழி கோவிந்தராஜனின் பக்தித் தட்டுகள். சேகரிப்பாளர்கள் இவற்றைத் தொடுவதே இல்லை. ‘அது ஆடி மாதச் சரக்கு’ என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அபிராமி அந்தாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அபிராமி பட்டர் பாடியது திருக்கடையூரில். பாடகர் பிறந்த சீர்காழி அங்கிருந்து அதிக தூரமில்லை. தமிழ்ச் சொல்லை இவ்வளவு தெளிவாக உடைத்துக் கேட்பவர் கையில் கொடுத்த குரல் வேறு எது? மேல் ஸ்தாயியில் அவர் நிற்கும் இடங்களில், தேய்ந்த தட்டிலும்கூட, ஒரு எழுத்து கரைவதில்லை.

உங்கள் குவியல் எது? எழுதுங்கள்.

---

ஊசிமுனை (சென்னை, பூர்வீகம் மன்னார்குடி)

வணக்கம் அண்ணா. சண்டைக்கு அழைத்தீர்கள், வந்துவிட்டேன்.

தேய்ந்த தட்டை வரலாறாக்கிப் பேசுவது கேட்க நன்றாக இருக்கிறது. அங்கே நடந்தது என்ன? மைக்செட் காலத்துத் தட்டு மேசைகளில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை ஒலியாக மாற்றும் முனை). ஊசியின் அழுத்தம் ஐந்து ஆறு கிராம், சிலவற்றில் அதற்கும் மேல். இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராமுக்குள் வேலையை முடித்துவிடுகிறது. அந்தப் பாரத்தோடு, மாற்றப்படாத ஊசியோடு பல வருடம் உழுதால் பள்ளத்தின் சுவரில் இருக்கும் நுண்ணிய அலைகள்தான் முதலில் மழுங்கும். அவைதான் மேல் சுரங்கள், ஜாலரா, வயலின் வில்லின் உராய்வு. அது போன பிறகு நீங்கள் கேட்பது சீர்காழியை அல்ல, அந்த ஊசியை.

சேகரிப்பது என்றால் பதிவு செய்தவர் கேட்டதை நானும் கேட்க வேண்டும் என்பதுதான் என் கொள்கை. அதனால் தட்டின் எண்ணைப் பார்த்துத்தான் வாங்குவேன். இ.சி.எல்.பி. என்றால் மோனோ, இ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ. ஒரே இசை இரண்டு வடிவிலும் வந்திருந்தால் இரண்டையும் தேடுவேன். பாட்டு முடிந்த பிறகு வரும் வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்தையும் பார்ப்பேன். எந்த அச்சிலிருந்து வந்தது என்பது அங்கேதான் தெரியும்.

என் தேர்வு: வயலின், வேணு, வீணை மூன்றும் சேர்ந்த எல்.பி. லால்குடி ஜெயராமன், திருவாரூரில் பிறந்த என். ரமணி, ஆர். வெங்கட்ராமன். 1966-இல் இவர்கள் தொடங்கிய சேர்க்கை அது. மூன்று நாதமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் எடுக்கிற நயம் நல்ல பிரதியில்தான் தெரியும். தேய்ந்த பிரதியில் புல்லாங்குழல் எங்கே முடிகிறது, வயலின் எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது. முயன்று பாருங்கள்.

---

ஒலிக்குழாய் (திருத்துறைப்பூண்டி அருகே)

இரண்டு பேர் சொல்வதையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் தந்தையார் மைக்செட் வைத்திருந்தவர். அரிசிலாற்றங்கரை அண்ணன் சொன்ன அந்தப் பென்சில் குறிகளில் சில அவருடையதாகவே இருக்கலாம்.

அந்தக் குறிகளுக்கு அர்த்தம் உண்டு. நான்கு பாட்டு இருக்கும் இ.பி. தட்டில் எல்லாப் பாட்டும் எல்லா வீட்டிலும் போட முடியாது. கல்யாண வீட்டில் சோகப் பாட்டு ஒலித்துவிட்டால் பெண் வீட்டார் மேடைக்கே வந்துவிடுவார்கள். ஆகவே பெருக்கல் குறி போட்ட பாட்டு சுப காரியத்துக்கு ஆகாது. வட்டம் போட்டது முதலில் போட வேண்டியது. எழுத்து வாசிக்கத் தெரியாத உதவியாள் பையனும் அதைப் பார்த்துப் போடுவான்.

வரிசை ஒன்று இருந்தது, அதை யாரும் மீறியதில்லை. முதல் தட்டு பிள்ளையார். சீர்காழியின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’ ஒலித்தால் இன்ன தெருவில் இன்று விசேஷம் என்று ஊருக்குச் சேதி போய்விடும். குழாயைத் தென்னை மரத்தின் மேல் கட்டி, ஊரைப் பார்த்து அல்ல, வயலையும் சாலையையும் பார்த்துத் திருப்புவார்கள். பக்கத்து ஊருக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பிறகு சினிமாப் பாட்டு. முகூர்த்த நேரத்தில் மேளக்காரர் வந்து உட்கார்ந்ததும் செட்டை நிறுத்திவிட வேண்டும், அது மரியாதை. சாப்பாட்டுக்குப் பிறகு கதை வசனம்.

இந்தக் கதை வசனத் தட்டுகளைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. கட்டபொம்மன் வசனம், திருவிளையாடல் வசனம். தருமி சிவபெருமானிடம் மாட்டிக்கொண்டு விழிக்கிற இடத்தைப் படம் பார்க்காமலே மனப்பாடமாகச் சொன்னவர்கள் எங்கள் ஊரில் நிறைய. டூரிங் கொட்டகைக்குப் போக அனுமதி இல்லாத வீட்டுப் பெண்கள் அந்தப் படத்தைக் கேட்டுத்தான் அறிந்தார்கள். கவனிக்கப்படாத தட்டு என்று ஒரு பட்டியல் போட்டால் என் கையெழுத்து இவற்றுக்கே.

ஊசிமுனை அவர்களே, ஊசியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அப்பா ஊசி மாற்றுவது தைப்பொங்கலுக்கு ஒருமுறை, வெள்ளாமை விளைந்தால். ஆனால் ‘பதிவு செய்தவர் கேட்டது’ என்று சொன்னீர்களே, அதைக் கேட்டவர்கள் ஒரு அறையில் இருந்த சிலர். எங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டு என்றால் அது கூம்புக் குழாயில் வந்த பாட்டுதான். அடிநாதம் கொஞ்சமும் இல்லாமல், நடுக்குரல் மட்டும் கூர்மையாகி, காற்று திரும்பினால் தேய்ந்து, மறுபடி வந்து. இரண்டில் எது அசல் என்று எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

தட்டுகளில் பெரும்பகுதி கஜா புயலில் போய்விட்டது, 2018 நவம்பர். ஓடு பறந்த பிறகு பெய்த மழையில் உறையெல்லாம் கூழானது. தட்டு மட்டும் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். கூழான காகிதம் பள்ளத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டால் அதை எடுக்கும் வழி எனக்குத் தெரிந்து இல்லை.

---

நாகூர்க்காரன் (நாகூர்)

இவ்வளவு தூரம் பேசிவிட்டு ஒருவரும் இ.எம். ஹனிஃபா பெயரைச் சொல்லவில்லையே, இதுதான் எனக்குச் சண்டை.

அவருடைய தட்டுகள் சேகரிப்பாளர்களுக்கு ஒரு சங்கடம். ஒரு பக்கம் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’, இன்னொரு பக்கம் ‘அழைக்கின்றார் அண்ணா’, ‘ஓடி வருகிறான் உதயசூரியன்’. பக்தி அலமாரியிலும் வைக்க முடியாது, அரசியல் என்று ஒதுக்கவும் முடியாது, சினிமாவும் இல்லை, கர்நாடக இசையும் இல்லை. பிரிவுக்குள் அடங்காததால் யாரும் தேடுவதில்லை. இணைய ஏலங்களில் ஹனிஃபா இ.பி.க்கள் ‘இதரவை’ என்ற கட்டின் அடியில் கிடக்கும்.

குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமலே பெரிய திடலுக்குப் பாடக்கூடிய குரல். அதைப் பதிவுக்கூடத்துக்குள் அடக்கும்போது என்ன ஆகிறது என்று கேளுங்கள். உச்சத்துக்குப் போகுமுன் ஒரு கணம் மூச்சைப் பிடித்து வைக்கிறார், பிறகு திறந்துவிடுகிறார். தட்டு கொஞ்சம் தேய்ந்திருந்தால் அந்த இடத்தில் ஒலி உடையும். என்னிடம் இருக்கும் இரண்டு பிரதிகளிலும் உடைகிறது. ஒரு வகையில் எனக்கு அது பிடித்தும் இருக்கிறது, ஊசிமுனை மன்னிக்க வேண்டும்.

ஒலிக்குழாய் அண்ணன் சொன்ன வரிசையில் ஒரு சேர்க்கை. நாகூர், நாகப்பட்டினம் பக்கம் பிள்ளையார் பாட்டுக்கு அடுத்து ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ போட்ட இந்துக் கல்யாண வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் கேட்டுப் போடச் சொல்வார். 2015-இல் அவர் காலமானபோது எங்கள் தெருவில் எந்தெந்த வீட்டிலிருந்து அந்தப் பாட்டு கேட்டது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

---

எழுபத்தெட்டு (மயிலாடுதுறை)

தம்பிகளா, நீங்கள் எல்லோரும் வினைலைப் (பின்னால் வந்த பிளாஸ்டிக் தட்டை) பற்றியே பேசுகிறீர்கள். அரக்குத் தட்டைப் பற்றி ஒரு கிழவன் பேசுவதையும் கேளுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை, பிறகு மறந்துவிடுவேன். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டாலோ சாராயம் கலந்த எந்தத் திரவத்தாலோ துடைக்காதீர்கள். அரக்கு சாராயத்தில் கரைந்துவிடும். வினைலுக்கு விற்கும் சுத்தம் செய்யும் திரவங்களில் பல அந்த வகைதான். நல்ல தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மென்மையான துணி, நடுக் காகிதம் நனையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். உடனே துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். இணையத்தில் ஏதோ பார்த்துவிட்டு ஒருவர் தோடித் தட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, பளபளப்பு போய்விட்டது என்று என்னிடம் கொண்டுவந்தார். நான் என்ன செய்ய முடியும்?

எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேரைச் சொல்கிறேன். எம்.கே. தியாகராஜ பாகவதர் பிறந்தது மாயவரத்தில், 1910. ஜி.என். பாலசுப்ரமணியம் பிறந்தது பக்கத்தில் கூடலூரில், அதே 1910. ஒருவர் சினிமாவின் உச்சிக்குப் போனார், இன்னொருவர் மேடையின் உச்சிக்குப் போனார். இரண்டு பேரும் மூன்று நிமிடத் தட்டை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று ஒப்பிட்டுக் கேட்பதே எனக்குப் பொழுதுபோக்கு. ஜி.என்.பி.யின் ‘வாசுதேவயனி’ தட்டில் அவர் ஓடுகிறார். நேரம் போதாது என்று தெரிந்த ஆள் எவ்வளவு விஷயத்தைத் திணிக்க முடியுமோ அவ்வளவையும் பிருகாவில் (வேகமான சுர ஓட்டத்தில்) திணிக்கிறார். பாகவதர் அதற்கு எதிர். 1944-இல் வந்த ஹரிதாஸ் பாட்டுகளைக் கேளுங்கள். பாபநாசம் சிவன் எழுதிய சொல்லை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்து, அடுத்த சொல்லுக்குக் காத்திருக்க வைக்கிறார். கூட்டம் காத்திருந்தது.

பாகவதரைக் கவனிக்கப்படாதவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவரை நினைவுக்காக வாங்குகிறார்கள், பாட்டுக்காக அல்ல. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்திருப்பவரையும் பார்த்தேன். கேட்டீர்களா என்றால் கிராமபோன் இல்லை என்கிறார்.

இன்னொன்று, வேகம். 78 என்று பெயர்தானே தவிர, பழைய தட்டுகளெல்லாம் அச்சாக அந்த வேகத்தில் வெட்டப்பட்டவை அல்ல. 80-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய கால் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். நாயனத் தட்டில் இது பெரிய விஷயம். ராஜரத்தினம் உயர்ந்த சுருதியுள்ள திமிரி நாயனத்தை விட்டுத் தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாயனத்துக்கு வந்தவர். நீங்கள் கேட்கும் தாழ்வு அவர் செய்த மாற்றமா, உங்கள் மோட்டாரின் சோம்பலா என்று சரிபார்த்துவிட்டுப் புகழுங்கள்.

---

தெற்குவீதி (தஞ்சாவூர்)

எல்லோருக்கும் வணக்கம். இசை கற்பிக்கிறேன், சேகரிப்பாளர் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தட்டு இல்லை. ஆனால் இந்த இழையில் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன.

ஒன்று, தவில். நாயனத் தட்டைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள். தவில் வாசித்தவர் பெயரை யாராவது சொன்னீர்களா? உங்களைக் குறை சொல்லவில்லை, நான் பார்த்த தட்டுகள் பலவற்றின் நடுக் காகிதத்திலேயே அந்தப் பெயர் இல்லை. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாசிப்பைக் கேட்பதற்கென்றே கச்சேரிக்குக் கூட்டம் போன காலம் அது. 1949-இல் அவர் மறைந்தார். அப்படிப்பட்டவர்கள் இருந்த மண்ணில், தட்டில் ‘நாகஸ்வரம்’ என்று ஒரு பெயர், கீழே ராகம், அவ்வளவுதான். பழைய பதிவில் வலந்தலையில் (தவிலின் வலப் பக்கத்தில்) விரல்கூடு போட்டு அடிக்கும் சொற்கள் தெளிவாக வரும். கழியால் தட்டும் தொப்பி (இடப் பக்கம்) வெறும் அதிர்வாக மங்கும். பாதித் தவிலைத்தான் கேட்கிறோம். அதை அறிந்தும் யார் வாசித்தது என்று ஊகிக்க முயல்வது என் பழக்கம். என் மாணவர்களுக்கு இது வீட்டுப்பாடம்.

இரண்டு, பெண்கள். சுப்ரபாதத்தோடு முடித்துவிட்டீர்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் தட்டில் பாடியவர். ஆராதனைக்குப் போகும் எத்தனை பேருக்கு அவர் குரல் தெரியும்? சிலையை வணங்கிவிட்டு வருகிறோம். வீணை தனம்மாள் வாழ்ந்தது சென்னையில் என்றாலும் குடும்பத்தின் வேர் தஞ்சாவூர் அரண்மனை. முதுமையில், 1930-களில், வீணையைத் தட்டுக்கு வாசித்துக் கொடுத்தார். நகத்தில் மீட்டு என்ற கம்பி வளையம் கட்டாமல் விரலால் மீட்டியவர்; நாதம் ரொம்ப மெல்லியது. அந்தத் தட்டில் அரக்கின் இரைச்சல் வீணைக்குச் சமமாக இருக்கிறது. கேட்பவர்தான் காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். நான் கவனிக்கப்படாதது என்று சொல்வது இதைத்தான். பெயர் எல்லோருக்கும் தெரிகிறது, தட்டை எடுத்துக் கேட்பவர் இல்லை.

ஊசிமுனை அவர்களே, உங்கள் கொள்கைப்படி தனம்மாளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். செய்வீர்களா?

---

ஊசிமுனை

செய்ய மாட்டேன் அம்மா. அரக்குத் தட்டின் இரைச்சல் அதன் பிறவி. அரக்கோடு கல் பொடியைக் கலந்துதான் அதைச் செய்தார்கள், புதிதாக வாங்கியபோதும் இரைந்தது. நான் பேசியது பின்னால் வந்த சேதத்தைப் பற்றி. இரண்டும் வேறு.

தவிலைப் பற்றி நீங்கள் எழுதியது என்னை யோசிக்க வைத்தது. என்னிடம் இருக்கும் நாயன எல்.பி.க்களை நேற்று இரவு எடுத்துப் பார்த்தேன். பின்னட்டையில் நாயனக்காரரின் வாழ்க்கைக் குறிப்பு பத்தி பத்தியாக இருக்கிறது. தவிலுக்கு ஒரு வரி.

---

புதுத்தட்டு (திருச்சி)

பெரியவர்களுக்கு வணக்கம். வேலைக்குச் சேர்ந்த பிறகு தட்டு வாங்கத் தொடங்கியவன் நான். இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ 1986 எல்.பி.யைப் பற்றி இங்கே பேசலாமா, அல்லது அது டெல்டா இல்லை என்று அடிப்பீர்களா? தாத்தா வீட்டில் கொஞ்சம் 78 தட்டுகளும் இருக்கின்றன. என் புதுத் தட்டு மேசையில் 78 வேகம் இருக்கிறது. அப்படியே போட்டுக் கேட்கலாமா?

---

எழுபத்தெட்டு

போடாதே தம்பி. வேகம் மட்டும் போதாது, ஊசியும் வேறு. 78-இன் பள்ளம் எல்.பி. பள்ளத்தைவிட மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசி அதன் அடியில் போய் உட்கார்ந்து புழுதியைக் கிளறும். இசை சுவரில் இருக்கிறது. பல கார்ட்ரிட்ஜ்களுக்கு 78 ஊசி தனியாக விற்கிறார்கள், கேட்டு வாங்கு. தாத்தா வீட்டுச் சாவி கிராமபோனில் போடுவதாக இருந்தால், எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். கஞ்சத்தனம் பார்த்தால் தட்டு போய்விடும். அடுக்கி வைக்காதே, நிமிர்த்தி வை. வெயில் படும் சுவர் வேண்டாம்.

---

அரிசிலாற்றங்கரை

புதுத்தட்டு தம்பிக்கு: தாராளமாகப் பேசலாம். அந்த எல்.பி. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். திருவையாற்றில் உட்கார்ந்து கீர்த்தனை பாடியவருக்கும் ஜெர்மனியில் தேவாலய ஆர்கன் வாசித்தவருக்கும் ஒரே தட்டில் இடம். டெல்டாவுக்கு இதைவிட என்ன உரிமை வேண்டும்? வி.எஸ். நரசிம்மனின் வயலின் அந்தத் தட்டின் முதுகெலும்பு. வந்த காலத்தில் எங்கள் பக்கம் இதைக் கேட்டு, ‘பாட்டு எப்போது வரும்?’ என்று கேட்டவர்கள் உண்டு. கல்யாண வீட்டுக்குப் பயன்படாது என்று மைக்செட்காரர்கள் வாங்கவில்லை, அதனால் கிடைக்கும் பிரதிகள் சுத்தமாக இருக்கின்றன. என் முதல் பதிவில் சொன்ன விதிக்கு இது நல்ல உதாரணம்.

ஒலிக்குழாய், உங்கள் குறி விளக்கத்தைப் படித்த பிறகு என் குவியலை மறுபடி புரட்டினேன். ஹனிஃபா தட்டு ஒன்றில் ஒரு பாட்டுக்கு வட்டம், இன்னொன்றுக்குப் பெருக்கல். பெருக்கல் போட்டது தேர்தல் பாட்டு. எந்த வீட்டில் ஆகாது என்று போட்டார்கள்?

---

ஒலிக்குழாய்

அது சுப காரியத்துக்கான பெருக்கல் அல்ல அண்ணா. கட்சிப் பாட்டுப் போட்டால் மாற்றுக் கட்சிச் சம்பந்தி எழுந்து போய்விடுவார். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்பதற்கு அடையாளம். ஒரே கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடு ஒரு கட்சி, பெண் வீடு ஒரு கட்சி என்றால் அப்பா அந்தத் தட்டைப் பெட்டியை விட்டே எடுக்க மாட்டார்.

---

தெற்குவீதி

இந்தக் குறிகளைப் படம் எடுத்து ஓரிடத்தில் சேர்த்தால் என்ன? தட்டில் இருக்கும் இசையையும் கணினியில் ஏற்றிவிடலாமே. மாணவர்களுக்கு உதவும்.

---

ஊசிமுனை

குறிகளின் படத்துக்குத் தடையில்லை. இசைக்குச் சட்டம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பழைய 78 தட்டுகளில் பதிவு உரிமை முடிந்திருக்கும். ஆனால் பாட்டு எழுதியவரின் உரிமை தனி. அது அவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் ஓடும். பாபநாசம் சிவன் மறைந்தது 1973. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தியாகராஜர் கீர்த்தனைக்கும் தோடி ஆலாபனைக்கும் அந்தத் தொல்லை இல்லை.

தட்டைக் கணினியில் ஏற்றும்போது இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளால் சுரண்டாதீர்கள். சுரண்டாத பிரதி ஒன்று முதலில் இருக்கட்டும். கீறலோடு சேர்த்துத்தான் சொல்கிறேன், அரிசிலாற்றங்கரை அண்ணன் சிரிக்க வேண்டாம்.

---

அரிசிலாற்றங்கரை

சிரிக்கவில்லை. குறித்து வைத்துக்கொண்டேன்.

நாயனத் தட்டுகளைத் தெற்குவீதி அம்மாவுக்கு நான் எடுத்துவருகிறேன். தவில் யார் என்று மாணவர்கள் ஊகிக்கட்டும். எழுபத்தெட்டு ஐயா இசைந்தால் வேகத்தை அவர் சரிபார்க்கட்டும், மோட்டாரின் சோம்பலுக்கு நான் பொறுப்பல்ல.

---

ஊசிமுனை

தேய்ந்த தட்டு விஷயத்தில் நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அது பதிவாகட்டும். நாகூர்க்காரன் அவர்களே, ஹனிஃபா தட்டு இரண்டு பிரதி இருப்பதாகச் சொன்னீர்களே, ஒன்றைக் கொடுப்பீர்களா? விலையைச் சொல்லுங்கள்.

---

நாகூர்க்காரன்

விலைக்கு இல்லை. மாற்றிக்கொள்ளலாம். திருவிடைமருதூர் மாலியின் புல்லாங்குழல் எல்.பி. உங்களிடம் நிச்சயம் இரண்டு இருக்கும், ஒன்று மோனோ, ஒன்று ஸ்டீரியோ. கீறல் இருக்கிறதை எனக்கு அனுப்புங்கள்.